எங்கள் ஊருக்கு ரயில் ஏறி வந்தவள்

இன்று ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்தினேன். தலைப்பு, 'எங்கள் ஊர் திருத்தணி'.

ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "நாங்கள் சென்னையில் ரயில் ஏறி எங்கள் ஊரை வந்தடைந்தோம். அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலை மலையேறினோம்."

கூப்பிட்டேன்.

"உன் வீடு எங்கம்மா இருக்குது?"

"மலைப்படிக்கு எதிர்லயே மிஸ்."

"அப்புறம் எதுக்கு ரூம் எடுத்தீங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "நாங்க எடுக்கல மிஸ். அத எழுதனவங்க எடுத்தாங்க."

"சொந்தமா எழுதுங்கன்னு எத்தினி வாட்டி சொல்லிகினே இருக்கறது? எங்கேர்ந்து காப்பி அடிச்ச?"

"நம்ம ஸ்கூல் ஆண்டு மலர்லேர்ந்து மிஸ். கீழ உங்க பேரு போட்டிருக்குது."



நான் பிறந்து வளர்ந்தது பக்கத்திலிருக்கும் கே.ஜி.கண்டிகையில். ஆண்டு மலருக்கு அவசரமாக ஒரு கட்டுரை கேட்டார்கள். இணையத்தில் எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்தேன். எங்கிருந்து என்று இப்போது நினைவில்லை.

அவளாவது கேட்டவுடன் சொன்னாள். பத்துக்கு எட்டு போட்டு அனுப்பினேன்.

சென்னையிலிருந்து ரயில் ஏறி வந்து, உண்மையிலேயே அறை எடுத்துத் தங்கியவர் இதைப் படித்தால் கமெண்டில் வரவும். உங்களிடம் மன்னிப்புக் கேட்க இங்கே இரண்டு பேர் இருக்கிறோம்.