சாத்தூரிலிருந்து மெஷின் கூடத்துக்கு

காலை 9.10. தாராபுரத்தில் பஸ் மாறினேன். திருப்பூருக்கு முப்பது மைல், கட்டணம் ஒன்றரை ரூபாய். என் பையில் இருந்தவை: இரண்டு சேலை, நூல் எண்ணும் கண்ணாடி, பாலிடெக்னிக்கில் ஜவுளித் தொழில்நுட்பம் முடித்த சான்றிதழ். பின்னல் மெஷின்களில் வேலை செய்யவே கிளம்பியிருந்தேன்.

"எந்த ஊருங்க?" என்றார் கண்டக்டர்.

"சாத்தூர்."

"அப்பக் காதர்பேட்டை முக்கு டீக்கடைல பேச்சியக்கானு கேளுங்க. உங்கூருக்காரங்க எல்லாருக்கும் அவங்கதானுங்க."

11.00. பேச்சியக்கா ஒரு பனியன் கம்பெனியில் மடிப்புப் பிரிவின் மூத்தவர். தங்க இடம், சாப்பாடு, வேலை மூன்றையும் ஒரு டீ குடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டார்.

"மடிக்கத்தான புள்ள வந்த?"

"மெஷினுக்குக்கா."

"அங்க நமக்காகச் சொல்ல ஆளில்லையே தாயி."

தெரிந்தவர் ஒருவர் சொல்லாமல் இங்கே எந்தப் பிரிவிலும் ஆள் எடுப்பதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் மடிப்பில் இருந்தார்கள். அதனால் எனக்கும் மடிப்பு மேசைதான்.

2.00. மேசையைச் சுற்றி அக்காவோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். ஒருவர் கையிலும் வளையல் இல்லை. பனியனில் சிறு ஓட்டைகள் விழுவது வளையலால்தான் என்று மெஷின்காரர்கள் சொல்லிக் கழற்ற வைத்தார்களாம்.

"கழட்டி ஒரு மாசமாச்சு. மொட்டக் கையாலயே கிழிக்கோம் போல," என்று அக்கா ஒரு மூட்டையைக் காட்டினார். ஓட்டைப் பனியன்களை அவர் ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தார்.

பிரித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். எல்லாம் ஒரே அளவு; ஓர் அளவுக்கு ஒரு மெஷின், ஆகவே எல்லாம் ஒரே மெஷினில் பின்னியவை. ஒரு பனியனில் மூன்று ஓட்டை இருந்தால் மூன்றும் மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோட்டில். வளையல் கோடு பிடித்துக் கிழிக்காது. ஏதோ ஓர் ஊசி அவ்வப்போது சிக்குகிறது.

மூட்டையோடு எல்லோருமாக முதலாளியிடம் போனோம்.

"ஏனுங்க பேச்சியக்கா, மேசைய விட்டுப்போட்டு ஊரே வந்துட்டீங்க?"

"எங்கூருப் புள்ள மெஷினப் பாக்கணுங்கா."

"இந்தப் புள்ளைக்காக ஆரு சொல்றதுங்க?"

"நாங்க பன்னெண்டு பேரும் சொல்லுதோம்."

அவர் சிரித்துக்கொண்டே மெஷினை நிறுத்தச் சொன்னார். ஊசிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். நாற்பதாவது நிமிடத்தில் ஓர் ஊசியின் கொக்கியை மூடும் நாக்கு மடங்க மறுத்தது. மாற்றினேன். அன்று மாலைவரை இறங்கிய துணியில் ஓட்டை இல்லை.

"அம்மிணி, நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க," என்ற முதலாளி, மெஷின்கள் பக்கம் கை காட்டினார்.

மறுநாள் மடிப்பு மேசையில் பன்னிரண்டு ஜோடிக் கைகளும் கண்ணாடி வளையல்களோடு இருந்தன.

ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போய்த் திரும்பும்போது, பள்ளிப் படிப்பு முடித்த பக்கத்துத் தெருப் பெண்ணும் என்னோடு வந்தாள். அதே டீக்கடை. பேச்சியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ மடிக்கவா புள்ள, மெஷினுக்கா?"