சோப்புத் தண்ணீர் படாத இணைப்பு

அந்த ஷெட்டில் ஒரு சட்டம் இருந்தது. காருக்குப் புதிதாகப் புகைக்குழாய் பொருத்தினால், வால் முனையில் காற்றை ஊதிவிட்டு, இணைப்புகள் எல்லாவற்றின் மேலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும். குமிழி கிளம்பினால் கசிவு என்று அர்த்தம். யார் செய்த வேலையானாலும் சோதனை உண்டு, குழாய்க்காரர் ஒருவரைத் தவிர. ஆறு வருஷத்துக்கு முன்னால் விவரம் தெரியாத மெக்கானிக் ஒருவன் அவர் போட்ட இணைப்பிலும் சோப்பு அடித்துவிட்டான். கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போன குழாய்க்காரர் மூன்று நாள் எட்டிப் பார்க்கவில்லை. முதலாளியம்மாவே நேரில் போய்க் கூப்பிட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் சோப்பு பாட்டில் அவர் பக்கம் போனதே கிடையாது.

அந்தத் திமிருக்கு அவர் தகுதியானவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். லாரி சைலன்சர்களில் ஓட்டை அடைத்துத் தொழில் ஆரம்பித்தவர். இன்றைக்கு லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் படுத்து, கம்பெனி வைத்த ஒல்லிக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, அகலமான ஸ்டீல் குழாயைச் சுருக்கம் விழாமல் வளைத்து, வெல்டிங் வைத்து ஒட்டுகிறார். ஒட்டின இடம் காசுகளைச் சாய்த்து அடுக்கியது போலிருக்கும். பிறகு எஞ்சினைப் போட்டால், ஜலதோஷம் பிடித்த மூக்கு சட்டென்று திறந்துகொண்ட மாதிரி வண்டி மூச்சு விடும். ஆனால் காருக்கு அடியில் படுத்து அதைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? வருகிறவர்கள் எல்லோரும் நேரே கண்ணாடி அறைக்குத்தான் போவார்கள்.

கண்ணாடி அறையில் அவருடைய சகலை இருந்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவன். நான்கு வருஷத்துக்கு முன், "நம்ம பையன்தான், கம்ப்யூட்டர் நல்லாத் தெரியும்" என்று தன் வாயாலேயே சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டவர் குழாய்க்காரர்தான். அந்த வாயை நினைத்து அவர் நொந்துகொள்ளாத நாளில்லை. சகலையின் வேலை, காரின் மூளையில் லேப்டாப்பைச் செருகி, பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று மாற்றி எழுதுவது. பிறகு காரை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டி ஓட்டுவார்கள். டைனோ என்று பேர். திரையில் குதிரைசக்தி எத்தனை என்று ஒரு நம்பர் வரும். கார்க்காரர்கள் அந்த நம்பரைப் படம் பிடிப்பார்கள். பக்கத்தில் சகலையை நிறுத்தியும் பிடிப்பார்கள்.

அந்த நம்பரில் பாதி தன் குழாய் கொடுத்தது என்று குழாய்க்காரருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல், பட்டனைத் தட்டுகிறவனுக்கு மாலை மரியாதை. கண்ணில் இரும்புத்தூள் விழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவனுக்கு ஒரு 'சபாஷ்' கிடையாது. வீட்டிலும் இதே கதைதான். "தங்கச்சி வீட்டுக்காரர் படம் ஏதோ பத்திரிகையில வந்திருக்காமே, பாத்தீங்களா?" என்று மனைவி சாதம் போட்டுக்கொண்டே கேட்பாள். அவருக்கு அந்தச் சாதம் தொண்டையில் இறங்காது. வயிற்றெரிச்சல் என்றால் சும்மா இல்லை, அசல் வயிற்றெரிச்சல்.

இந்த நிலையில்தான் பல் டாக்டரின் மஞ்சள் கார் வந்தது. சனிக்கிழமை பந்தய மைதானத்தில் ஓட்டப்போகிறாராம், அதற்குள் முழு வேலையும் முடிய வேண்டும். குழாய்க்காரர் ஐந்து நாள் உழைத்தார். எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போவிலிருந்து கீழே இறங்கும் முதல் குழாயைக் கடைசியாக, திங்கட்கிழமை சாயங்காலம் பொருத்தினார். மூன்று போல்ட். இரண்டை இறுக்கியாகிவிட்டது. மூன்றாவதைக் கையால் திருகி, ஸ்பேனரை எடுத்தபோது மேலே டாக்டர் சகலையிடம் பேசும் குரல் கேட்டது.

"சார், எல்லாம் உங்க கையிலதான் இருக்கு. நீங்கதான் இந்த வண்டிக்கு உயிர் குடுக்கணும்."

'உயிரா? அவனா?' ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது. அவர் அதைத் தரையில் வைத்தார். காலையில் இறுக்கிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை அவரே நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வருவதற்குள் கார் டைனோ மேல் ஏறியிருந்தது. எஞ்சின் இருமியது, திக்கியது, பின்னால் கரியாகக் கக்கியது. புகையை மோந்து பார்த்துப் பெட்ரோல் அளவைச் சொல்லும் சென்சார் அந்த இணைப்புக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. தளர்ந்த இடத்தில் வெளிக்காற்று உள்ளே நுழைந்தால் அது ஏமாந்துபோகும். பெட்ரோல் போதவில்லை என்று பொய் சொல்லும். மூளையும் அதை நம்பி ஊற்று ஊற்றென்று ஊற்றும். சகலை ஒரு கணக்கை மாற்றினால் இன்னொன்று உதைத்தது. குழாய்க்காரர் இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தார். அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

புதன்கிழமையும் அதே கதை. சகலை சென்சாரை மாற்றினான், பெட்ரோல் பம்பை மாற்றினான், எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினான். அவன் வெள்ளைச் சட்டையில் கரி ஏறியது. வியாழக்கிழமை முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம். இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் வர்றார். அவர் வந்துட்டா அப்புறம் அந்த ரூம் அவருக்குத்தான்."

சாயங்காலம் மனைவி விஷயத்தை ஆரம்பித்தாள். "தங்கச்சி போன்ல அழறா. அவர் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலியாம். நீங்க ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"என்னைக் கேட்டா? நான் குழாய் ஒட்டறவன். அவர் பெரிய மூளைக்காரர்."

"என் கண்ணுல தூள் விழுந்தப்போ யாரு அழுதா?" என்றும் கேட்க நினைத்தார். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியது சகலைதான். அந்த ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. குழாய்க்காரர் வேறொரு காருக்கு அடியில், கால் மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தார். மஞ்சள் கார் பக்கத்தில் முதலாளியம்மா, டாக்டர், சகலை மூவரும் நின்றார்கள். சகலை லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் பாத்தாச்சுங்கறே. சோப்புத் தண்ணி அடிச்சுப் பாத்தியா?" என்றாள் முதலாளியம்மா.

"அண்ணன் போட்ட ஜாயின்ட்லயா? அது வேண்டாம் மேடம்."

"ஏன்? அவர் கோவிச்சுக்குவார்னா?"

"கோவத்துக்காக இல்ல மேடம். அவர் ஒட்டினா காத்துகூட வெளிய போகாது. இந்த ஷெட்ல நான் சந்தேகப்படாத விஷயம் அது ஒண்ணுதான். என் நம்பரெல்லாம் அவர் குழாய நம்பித்தான் வருது. தப்பு என் பக்கம்தான் இருக்கணும். அந்த வெளி ஆளை வரச்சொல்லுங்க."

நான்கு வருஷமாக இந்தப் பேச்சுக்குத்தான் குழாய்க்காரர் ஏங்கினார். கார்க்காரன் முன்னால், முதலாளி முன்னால், கண்ணாடி அறைக்காரன் வாயாலேயே வந்துவிட்டது. வந்த நேரத்தைப் பாருங்கள்! வண்டிக்கு அடியில் படுத்தபடியே அவருக்கு முகம் காந்தியது. இவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று அப்போதும் அவன்மேல் ஆத்திரம்தான் வந்தது.

வெளியே வந்தார். அலமாரியிலிருந்து சோப்பு பாட்டிலை எடுத்தார். ஊதும் மெஷினை வால் குழாயில் செருகிப் போட்டுவிட்டு, மஞ்சள் காருக்கு அடியில் போய் அந்த இணைப்பில் அடித்தார். மூன்றாவது போல்ட் பக்கத்தில் குமிழிகள் பொங்கிக்கொண்டு கிளம்பின.

குனிந்து பார்த்த சகலை இடி மாதிரிச் சிரித்தான். மூன்று நாள் பாரம் இறங்கிய சிரிப்பு. "அண்ணே! உங்களுக்குக்கூடக் கை தவறுமா? போச்சு போங்க, நான் பைத்தியம் பிடிச்சுத் திரிஞ்சேன்!"

"வயசாகுதில்ல, மறதி வர்றதுதான்" என்று முதலாளியம்மாவும் சமாதானமாகச் சொன்னாள்.

டாக்டர், 'இவரைப் பத்தியா இவ்வளவு பெருமை பேசினீங்க?' என்பது போலச் சகலையை ஒரு பார்வை பார்த்தார்.

அவ்வளவுதான், விஷயம் முடிந்துவிட்டது. குழாய்க்காரர் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 'கை தவறிவிட்டது' என்ற பேச்சை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை. மனசாட்சி உறுத்தியதால் உண்மையைச் சொன்னார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படி இல்லை.

"என் கை தவறல" என்றார் எழுந்து நின்று. "எனக்கு மறதியும் இல்ல. தெரிஞ்சேதான் விட்டேன்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"திங்கக்கிழமையே தெரியும். நீ திண்டாடினது மூணு நாளும் தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சகலையின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு போனது. முதலாளியம்மா டாக்டரை ஆபீஸ் பக்கம் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். சகலை தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்து, துணியால் துடைத்து, அவரிடம் நீட்டினான்.

"இறுக்குங்கண்ணே."

அவர் படுத்து இறுக்கினார். எத்தனையோ ஆயிரம் போல்ட் இறுக்கிய கை, இந்த ஒன்றுக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. முடித்துவிட்டு நகர்ந்து வழி விட்டார்.

சகலை வெள்ளைச் சட்டையோடு அப்படியே தரையில் படுத்து உள்ளே போனான். சோப்பு பாட்டிலை எடுத்து அந்த இணைப்பில் அடித்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. அவருடைய வேலை சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தும் அவன் இன்னொரு தடவை அடித்துப் பார்த்தான்.