வயிறும் அக்கா வீட்டுச் சோறும்

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. எந்த மருந்து வாங்கினாலும் பாட்டிலைத் திருப்பிப் பதிவு எண் இருக்கிறதா, ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்க மாட்டேன். நான்கு வருடமாக வயிறு உப்புசம், புளித்த ஏப்பம், நெஞ்சு எரிச்சல். மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். அந்த டாக்டர் சரியாகப் பார்த்தாரா என்று சந்தேகப்பட்டேன். மனைவி என்னை பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஆயுர்வேதப் பெண் வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனபோது, உட்காருவதற்கு முன்பே சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை ஒரு வரி விடாமல் படித்தேன்.

அந்த அம்மாள் அதைக் கவனித்துவிட்டார். மருந்தைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள், "முதல் மாசம் மருந்தே வேணாம் சார். சாப்பாட்டை மட்டும் மாத்துங்க," என்றார். வெந்நீர் குடிக்க வேண்டும். மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு. மதியம் மோர், ராத்திரியில் தயிர் கூடாது. ஏழு மணிக்குள் இரவுச் சாப்பாடு முடிய வேண்டும். மீனையும் பாலையும் ஒரே வேளையில் சேர்க்கவே கூடாது. வாயில் போடுவதையெல்லாம் நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும்.

எழுதினேன். இரண்டு வாரத்தில் வயிறு அடங்கத் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மட்டும் பழையபடி கல்லாகக் கிடந்தது. நோட்டைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் கிள்ளானில் என் அக்கா வீடு. பல வருடப் பழக்கம் அது, பத்தியத்துக்காக நிறுத்தத் தோன்றவில்லை.

சுங்கை வே தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க லா. யாரோ உங்களுக்கு மருந்து வச்சிருக்காங்க," என்றார்.

வேண்டாதவர்கள் சோற்றில் எதையோ கலந்து கொடுத்தால், அது வயிற்றிலேயே தங்கி ஆளை உருக்கிவிடும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. இயந்திரம் பழுதுபார்க்கும் நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அக்கா மகள் தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொள்ள நின்றபோது, கூடாது என்று குதித்தவன் நான். நாலு வருடத்துக்கு முந்தைய சண்டை. என் வயிற்றுக் கோளாறுக்கும் அதே வயது. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது. இன்று நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த இரண்டு ஞாயிறும் ஏதேதோ சாக்குச் சொல்லிக் கிள்ளான் பக்கமே போகவில்லை. திங்கட்கிழமைகள் சுகமாக விடிந்தன. சந்தேகம் உறுதியாகிவிட்டது. மனைவியிடம் சொன்னேன்.

"பைத்தியமா உங்களுக்கு? தன் தட்டுல உள்ளதையும் எடுத்து உங்களுக்குப் போடுறவங்க அவங்க," என்று கத்தினாள். ஆத்திரம் அடங்காமல் அக்காவுக்கே போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அக்கா திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லையாம். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் பேசவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாதம் முடிந்ததும் நோட்டைச் சாட்சிப் பொருள் மாதிரி வைத்தியர் முன்னால் வைத்து, தயங்கித் தயங்கி விஷயத்தையும் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"மணி மூணு. மீன் குழம்பு, பொரிச்ச மீன், தயிர். சேமியா பாயசம் ரெண்டு கப். ஐஸ் போட்ட சிராப் பண்டோங். அந்த ரோஸ் சர்பத்தும் பால் ஊத்துனதுதானே? அப்புறம் தூக்கம்." நோட்டை மூடினார். "ரெண்டாவது கப் பாயசம் அவங்களா குடுத்தாங்களா?"

"நான் கேட்டேன்."

"மீன்?"

"நான்தான் முதல் நாளே சொல்லி வைப்பேன்."

"அப்ப மருந்து வச்சது நீங்கதான் சார்," என்றார். சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மனைவியோடு கிள்ளானுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க ரயிலில் வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அக்கா கேட்டைத் திறந்து, "வாடா. மணி பன்னெண்டாகப் போவுது," என்றாள். மேசையில் மீன் இல்லை. சுரைக்காய்க் கூட்டு, ரசம், மோர், ஒரு செம்பு வெந்நீர். அந்தப் போனுக்குப் பிறகு பத்தியத்தை என் மனைவியிடம் ஒன்று விடாமல் கேட்டு வைத்திருக்கிறாள். தயார் செய்த வார்த்தைகளை விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சோறு போட்டாள், கூட்டு வைத்தாள், ரசம் ஊற்றினாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் பிசைந்து, ஒரு வாய் எடுத்துத் தின்றாள். என் மோரிலும் ஒரு மிடறு குடித்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப சாப்புடு," என்றாள்.

வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு தட்டில் கை வைத்தேன். தட்டு நிறையச் சோறு இருந்தது. என் கை தானாக அவள் தின்று காட்டிய அந்த ஓரத்துக்கே போய், அங்கிருந்துதான் முதல் கவளத்தை எடுத்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.