குஸ்கோவில் படுத்தது யார்?

ஒரு பொய்யால் என் நண்பன் சபாவைக் கேலிப்பொருளாக்கியவன் நான்.

எழுபதுகளில் நாங்கள் இருவரும் சிட்னியிலிருந்து பெரு நாட்டுக்குப் போனோம். காற்று மெலிந்த உயர்ந்த மலைநகரான குஸ்கோவில் இறங்கிய அன்றே, சபா தடுத்தும் கேளாமல், பழைய கோட்டையைப் பார்க்க மேடேறினேன். பாதி வழியில் மூச்சு முட்டி, வாந்தியெடுத்து விழுந்தேன். இரண்டு நாள் படுக்கையில் கிடந்த என்னைச் சபாதான் கவனித்தான்.

திரும்பி வந்து, சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டில் நண்பர்களுக்கு ஸ்லைட் படங்கள் காட்டியபோது, "குஸ்கோவிலை படுத்தது சபா, அவனைப் பார்த்தது நான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சபாவும் சிரித்தான்.

அடுத்த வாரம் குஸ்கோவுக்குப் போகவிருந்த ராணி அக்கா, "தம்பி, போன உடனை ஓய்வெடுக்க வேணுமோ?" என்று கேட்டார்.

"சீச்சீ, என்னைப் பாருங்கோ!" என்றேன்.

சபாவின் சிரிப்பு நின்றது. "இல்லை அக்கா, கட்டாயம் ரெண்டு நாள் படுங்கோ."

"உமக்கு ஏலாட்டி எங்களுக்கும் ஏலாதோ?" என்று அக்கா அவனைக் கேட்டார்.

எழுந்து விளக்கைப் போட்டேன். "அக்கா, விழுந்தது நான். சபா சொல்லுறதைக் கேளுங்கோ."

"அட, இவ்வளவு நேரமும் கதையோ விட்டனீர்!" என்றார் அக்கா. வீடே சிரிப்பில் அதிர்ந்தது.

சபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "தேத்தண்ணி போடு, யோசிப்பம்" என்றான்.

பிறகு குஸ்கோவிலிருந்து அவன் பெயருக்கு ராணி அக்காவின் அஞ்சலட்டை வந்தது: "ரெண்டு நாள் படுத்தம். சுகம்." அதைக் கொண்டுவந்து எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போனான்.

இப்போது யார் பயணம் பற்றிக் கேட்டாலும், நான் விழுந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.