கழன்ற ஒயரும் நின்ற இதயமும்

ஓசூர் தொழிற்பேட்டையில், நெஞ்சில் ஒட்டுகிற சென்சார் செய்யும் கம்பெனியில் எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. நகத்தளவு சர்க்யூட், இதயத்துடிப்பைத் திரைக்கு அனுப்பும். நல்ல சென்சாரை வேண்டுமென்றே கெடுப்பது என் பொறுப்பு. ஒயரைத் தளர்த்துவேன், பற்றவைத்த இடத்தில் விரிசல் விடுவேன். எந்தக் கோளாறுக்குத் திரையில் துடிப்பின் கோடு எப்படி மாறுகிறது என்று கம்ப்யூட்டரில் மாதிரி செய்துவைப்போம். பிறகு மென்பொருள் அந்தக் கோளாறைத் தானே கண்டுபிடிக்கும்.

போன சித்திரையில் அப்பா உத்தனப்பள்ளியில் எங்கள் தக்காளித் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேறிவிடுவார் என்றார்கள். ஒரு மதியம் நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருக்கும்போது திரையில் கோடு படுத்துவிட்டது. அலாரம் அடித்தது. நர்ஸ் ஓடிவந்து அப்பாவின் நெஞ்சிலிருந்த ஒயரை அழுத்திப் பார்த்தாள்.

"ஒயர் கழண்டிருக்கும்க்கா, பயப்படாதீங்க."

கழன்ற ஒயர் அப்படிக் காட்டாது. சுற்றியிருக்கும் கரண்டின் குறுக்கீடு ஏறிக் கோடு நடுங்கும். இது நடுங்கவில்லை. மெதுவாக, லேசாக அலைந்தது.

"ஒயர் நல்லாத்தான் இருக்குது. டாக்டரைக் கூப்பிடுங்க" என்றேன். ஆபீசில் பேசுகிற குரல்தான் வந்தது.

டாக்டர் வந்து நெஞ்சை அழுத்தினார். அழுத்தும்போதெல்லாம் கோடு எழுந்து விழுந்தது. நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டாக்டர் கையை எடுத்துவிட்டார்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். புது சென்சாரில் ஒரு சிக்கல் காத்திருந்தது. ஒயர் கழன்றாலும் இதயம் நின்றாலும் மென்பொருள் ஒரே பதிலைச் சொன்னது. பக்கத்து மேசைப் பெண் ஆனேக்கல்லிலிருந்து வருபவள், வீட்டில் கன்னடம் பேசுகிறவள்.

"இது நான் பண்றேன் அக்கா. நீங்க வேற எடுங்க."

"வேணாம். எனக்குத் தெரியும்."

நின்ற இதயத்தின் கோட்டை உட்கார்ந்து அமைத்தேன். அலைவு எவ்வளவு இருந்தது, எவ்வளவு மெதுவாக இருந்தது, எல்லாம் நினைவிருந்தது. நான் அழுவேன் என்று அவள் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்திருந்தாள். அழுகை வரவில்லை. சாயங்காலத்துக்குள் மென்பொருள் இரண்டையும் சரியாகப் பிரித்தது. மேனேஜர் வந்து கை கொடுத்தார்.

கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அம்மா போன் செய்தாள். தக்காளி பழுத்துக் கொட்டுகிறது, பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

"மதியம் சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா."

"என்ன சாப்பாடு?"

யோசித்துப் பார்த்தேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.