நஞ்சை அடுப்படி, புஞ்சை அடுப்படி

என் வீட்டில் இரண்டு சமையலறைகள் இருக்கின்றன. ஒன்றில் சமைக்கக் கூடாது. சிங்கப்பூரில் முப்பத்து நான்காவது மாடியில் இருக்கும் இந்தக் காண்டோ வீட்டை எங்களுக்குக் காட்டிய ஏஜெண்ட், கூடத்தை ஒட்டியிருக்கும் வெள்ளைக் கல் மேடையைத் தடவிக்கொடுத்து, இது டிரை கிச்சன் என்றார். அங்கே காபி கலக்கலாம், பழம் நறுக்கலாம், விருந்தினர் முன்னால் அழகாகச் சாய்ந்து நிற்கலாம். தாளிப்பது, வதக்குவது, மீன் கழுவுவது எல்லாம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வெட் கிச்சனில். அதற்கும் பின்னால் இன்னொரு கதவு, அதைத் திறந்தால் சர்வீஸ் லிஃப்ட். முன்பக்கத்து லிஃப்ட் நேராக எங்கள் கூடத்துக்குள்ளேயே திறக்கும். எங்கள் அட்டை இல்லாமல் வேறு யாரும் அதில் ஏறி வர முடியாது. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கலாம். இருக்கட்டும். நானும் பொறாமையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அது என்னுடைய பொறாமை.

பூதலூரிலிருந்து அம்மா இரண்டு மாதத்துக்கு வந்திருந்தாள். அப்பா இறந்த பிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். எப்படியாவது பேசிச் சரிக்கட்டி அவளை என்னோடேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் திட்டம். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். வந்த மறுநாள் வீட்டைச் சுற்றிக் காட்டினேன். மினிமலிஸ்ட் என்று நாங்கள் பீற்றிக்கொள்ளும் வீடு. ஒரு சோபா, ஒரு மேசை, சுவரோடு சுவராக மறைந்துவிட்ட அலமாரிகள், அவ்வளவுதான். அம்மா கூடத்தின் நடுவில் நின்று மெதுவாகக் கேட்டாள்: "சாமானெல்லாம் இனிமேதான் வருமா?" பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்த மாதா படத்தை எங்கே மாட்டுவது என்றும் கேட்டாள். ஆணி அடித்தால் சுவர் கெட்டுவிடும் என்று என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மாதா வெட் கிச்சனுக்குப் போனாள்.

அந்த இரண்டு சமையலறைகளையும் விளக்கியபோதுதான் குழப்பம் தொடங்கியது. ஒன்று ஈரமானது, ஒன்று காய்ந்தது என்றேன். அம்மாவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "நஞ்சை, புஞ்சைன்னு சொல்லேன்." ஆற்றுத் தண்ணீர் பாயும் வயல் நஞ்சை, பாயாத மேட்டு நிலம் புஞ்சை. பத்திரத்தில் நிலத்தை அப்படித்தான் பிரித்து எழுதுவார்கள். அன்றிலிருந்து, புஞ்சையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று எடுத்துக்கொண்டாள். மேடையிலேயே குழாய் இருக்க, காபி கலக்கிய ஸ்பூனைக் கண்ணாடிக் கதவு தாண்டி நஞ்சைக்குக் கொண்டுபோய்க் கழுவுவாள். "இதுல தண்ணி புழங்கலாமாம்மா?" என்று என்னிடம் அனுமதி வேறு கேட்டாள். வாய்க்கு வாய் "ஏன்டி" என்று என்னை வளர்த்தவள், இங்கே வந்ததும் "சொல்லும்மா", "எடுத்துக்கட்டுமாம்மா" என்று அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஒருநாள் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தேன். பின்பக்கம் சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டு மிஸஸ் டானிடம் வேலை செய்யும் மலர், சர்வீஸ் லிஃப்டுக்கு எதிரே அவர்கள் பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பின்வாசலில் அம்மா. மலருக்கு நாற்பது வயதிருக்கும், திருப்பனந்தாள் பக்கம். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக நான் அவளைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி.

"இன்னைக்கு நஞ்சையில என்னடி சாகுபடி?"

"கத்திரிக்காய்தாம்மா. புஞ்சையில எங்க மேடம் ஒத்தப் பூவ ஜாடில வச்சிருக்காங்க. அதான் வெள்ளாமை."

"அது கெடக்கு. நீ மொதல்ல சாப்பிட்டியாடி?"

டி! எனக்கு வயிறு எரிந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது.

யோசித்துப் பார்த்தால் இது பழைய எரிச்சல். நடவு நாட்களில் பூதலூர் வீட்டுக் கொல்லையில் பத்துப் பெண்களாவது சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவில் அம்மா. நான் முதல் ரேங்க் எடுத்த அட்டையை நீட்டியபடி நிற்பேன். "ம், நல்லதுடி, உள்ள வை" என்றுவிட்டு, பாதியில் நின்ற யாருடைய மாமியார் கதைக்கோ திரும்பிவிடுவாள். அந்தக் கதையின் முடிவு அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். யாரும் நுழைய முடியாத வீட்டில் அம்மா எனக்கு மட்டும் கிடைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்திருக்கிறேன். கடைசியில் அப்படி ஒரு வீட்டை வாங்கியும் விட்டேன். அங்கேயும் பின்பக்கமாக ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அரை நாள் லீவு போட்டு அம்மாவைக் கடற்கரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் அருவி, மேகம், மலைப்பூக்கள். "நல்லாருக்கும்மா" என்றாள். மறுநாள் அதே அருவியை மலரிடம் அரை மணி நேரம் வர்ணித்தாள், கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி. அன்று எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு வீடியோ மீட்டிங்கை அணைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று திருட்டுத்தனமாகக் கேட்டேன். நான்தானே டிக்கெட் எடுத்தேன்?

அந்த வாரம் மிஸஸ் டானைக் கீழே லாபியில் பார்த்தேன். "என் ஹெல்பர் உன் அம்மாவோடு தினமும் பேசுகிறாளாமே, தொந்தரவா?" என்று கேட்டார். இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். "அம்மா மதியத்தில் கொஞ்சம் ஓய்வெடுப்பார்" என்றேன். அவர் பதறிப்போய் நாலைந்து முறை சாரி சொன்னார். தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நான் இங்கே எழுதலாம். அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

பக்கத்து வீட்டுப் பின்கதவு மூன்று நாட்கள் திறக்கவில்லை. அம்மா கிண்ணத்தில் குழம்பை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாலாம் நாள் கீழே தோட்டத்தில் மலரைப் பார்த்திருக்கிறாள். அவள் விலகி நின்று, உங்கள் மகள் புகார் சொன்னதால் பேசக் கூடாது என்று உத்தரவு என்றிருக்கிறாள். அம்மா மேலே வந்து, சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"நீ சொன்னியா?"

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"எப்படிச் சொன்ன?"

சொன்னேன். அவள் முகம் மாறியது.

"பொறாமையாடி உனக்கு? வேலைக்கு வந்த ஒரு பொண்ணு மேலயா?"

"ஆமாம்மா."

"நீ ஆபீஸ் போயிடுற. நான் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். செவுத்துல ஒரு ஆணி கூட இல்லடி." அப்புறம் சொன்னாள்: "ஊருக்குத் திரும்புற டிக்கெட்ட மாத்த வேணாம். சொன்ன தேதிக்கே நான் கெளம்புறேன். அதுக்குள்ள அவ பேர்ல தப்பில்லன்னு போய்ச் சொல்லிட்டு வா. அவ பொழப்பு போயிடப் போவுது."

நான் ஆசைப்பட்ட டி இரண்டு முறை கிடைத்துவிட்டது. அம்மா கிடைக்கவில்லை.

பின்கதவைத் திறந்து, இரண்டே எட்டில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். மலர் ஈரக் கையோடு திறந்தாள்.

"மலர், நான் உங்கிட்டதான்..."

"எங்கிட்ட எதுவும் வேணாம் மேடம், வம்பாயிடும். மேடம் உள்ளதான் இருக்காங்க. நீங்க முன்பக்கமா வாங்க மேடம். இது நாங்க வர்ற வழி."

கதவு மூடிக்கொண்டது. முன்பக்கமாக வர வேண்டுமென்றால் முப்பத்து நான்கு மாடி இறங்கி, அவர்கள் லிஃப்டில் மறுபடி ஏற வேண்டும். குப்பைத் தொட்டி ஒன்றோடு சர்வீஸ் லிஃப்டில் இறங்கினேன். லாபியில் என் முகம் நன்றாகத் தெரிந்த மலாய்க்காரக் காவலர், மிஸஸ் டான் வீடு என்றதும் விசிட்டர் நோட்டை என் பக்கம் தள்ளினார். பெயர் எழுதினேன். வந்த காரணம் என்று ஒரு கட்டம். எனக்கு மேலே எழுதியிருந்தவர்கள் டெலிவரி, ஏர்கான், பியானோ டியூஷன் என்று போட்டிருந்தார்கள். நெடுநேரம் யோசித்து, பக்கத்து வீடு என்று எழுதினேன்.

காவலர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை மறுபடி நீட்டினார்.

"இது காரணம் இல்லை, மேடம்."