தோப்புக்கு வந்த போர் வண்டி

என் வீட்டுக்காரர் எம்.பி. ஆகி டெல்லிக்குப் போன பிறகு வந்த முதல் கோடையிலேயே, துடியலூருக்கு வடக்கே இருந்த எங்கள் தென்னந்தோப்பில் கிணறு வற்றிப்போனது. குரும்பைகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

ஆழ்துளைப் போர் போட்டால் மரங்கள் பிழைக்கும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம்தான் ஊர்க் குடிதண்ணீர்க் கிணறு. அதிலும் தண்ணீர் அடியில்தான் கிடந்தது. அந்தக் கிணற்றுப் பக்கம் யாரையும் போர் போட விடமாட்டேன் என்று சொல்லித்தான் அவர் முதலில் பஞ்சாயத்துத் தலைவரானார். அந்த நல்ல பேர்தான் அவரை டெல்லி வரைக்கும் கொண்டுபோனது.

விவசாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தனார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு நாள் போர் வண்டியைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டார். வேலியோரம் குடத்தோடு பெண்கள் நின்று பார்த்தார்கள். டெல்லிக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, போர் வண்டி வந்து நிக்குதுங்க. போடட்டுமுங்களா, திருப்பி அனுப்பட்டுமுங்களா?"

"பார்க்கலாம் அம்மணி. எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செய்யோணும். நீயே பாத்துச் செஞ்சுபோடு," என்றார்.

மனு கொடுக்க வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரல். ஏர் பிடித்த காலத்தில் இந்த மனுஷன் எதைக் கேட்டாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டாலும் பழி எனக்கு, போடாவிட்டாலும் எனக்கு.

"வண்டியத் திருப்புங்க," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டேன். அன்றோடு கொழுந்தனார் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். விடிந்ததும் தோப்புக்குப் போய், இன்றைக்கு எந்த மரம் பட்டது என்று பார்ப்பதே எனக்குப் பிழைப்பானது. மாமனார் வைத்த மரங்கள். அடுத்த கோடைக்குள் பாதிக்கு மேல் மொட்டையாகிவிட்டன.

மறுபடி தேர்தல் வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மேடை போட்டிருந்தார்கள். நான் பெண்களோடு கீழே உட்கார்ந்திருந்தேன். அவர் மைக்கைப் பிடித்து, "உங்க குடிதண்ணிக்காக எந் தோப்பையே காய உட்டவனுங்க நான்," என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. அன்று வேலியோரம் குடத்தோடு நின்றவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊட்டுக்காரர் மாதிரி வராதுங்க," என்று கண்ணைத் துடைத்தாள்.

வீட்டில் சாப்பாடு போட்டபோது, "இந்த வாட்டியும் உன் ஓட்டு எனக்குத்தான அம்மணி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"பார்க்கலாங்க," என்றேன்.

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.